நாகலூர்ப் பையும் நாலு கை ரோபோவும்

இருபத்தாறு வருடமாக நான் அடுத்தவர் வயிற்றில் வட்டம் போட்டுச் சம்பாதிக்கிறேன். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய் வந்து, அந்தப் பகுதியை அடியோடு எடுத்துவிட்டால், மலம் வெளியேற வேறு வழி வேண்டும். குடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டுவார்கள். அந்தத் துளை எங்கே வர வேண்டும் என்று முதல் நாளே ஊதாப் பேனாவால் வட்டம் போடுவது என் வேலை. டாக்டர் நாலு மணி நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார். நோயாளிதான் அந்தத் துளையோடு ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். இரண்டு விரல் தப்பினால் பை ஒட்டாது, ஒழுகும். அப்புறம் அவர் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்.

இந்த வேலைக்கும் இப்போது ஒரு கருவி வந்துவிட்டது. வயிற்றைப் படம் பிடித்து, ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து, துளை இங்கேதான் என்று அதுவே சொல்லிவிடுமாம். ஏற்காட்டில் ஒரு ஹோட்டலில் பெருங்குடல் அறுவைச் சிகிச்சையின் எதிர்காலம் பற்றி நாலு நாள் மாநாடு. அதில் என் கண்ணுக்கும் அந்தக் கருவிக்கும் போட்டி வைக்கிறோம், வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். வார்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கோ கோபம். கடல் தாண்டிப் போய் ஒரு கருவியின் மூக்கை உடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

சேலத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் புது மிக்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கிருந்துங்க வர்றீங்க?"

"கண்டியில இருந்து."

"அது எந்த ஸ்டாப்புங்க?"

இலங்கை என்று சொன்னேன். அங்கேயும் மலை, குளிர், எஸ்டேட் எல்லாம் உண்டு என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்கயே மலை இருக்குதுன்னா, அப்பறம் எதுக்குங்க இத்தன தூரம்?"

பாதி மலையில் பஸ் நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு காட்டெருமை, வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால்களோடு, யாரையும் சட்டை செய்யாமல் நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. "அவரு வேல முடிஞ்சா அவரே போயிருவாருங்க" என்று கண்டக்டர் மரியாதையோடு சொன்னார். இருபது நிமிடம் காத்திருந்தோம். எங்கள் ஊரில் ரோட்டை மறிப்பது வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள். அவர்களைப் பார்த்து ஹாரன் அடிக்கலாம்.

ஏற்காட்டில் இறங்கியதும் எதிரே தெரிந்தது டீக்கடை. சுற்றிலும் காப்பித் தோட்டம், ஊர் முழுக்கக் காப்பி வாசனை, கடையில் பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிக் குடித்தேன். தேயிலை நாட்டிலிருந்து வந்தவள் என்ற முறையில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். கூடத் தின்ற மிளகாய் பஜ்ஜி மட்டும் அருமை.

மாநாட்டு மண்டபத்தில் முதல் நாள் முழுக்க ரோபோ புராணம். ரோபோ கீழே சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தது. எங்களுக்குத் திரையில் தரிசனம். நாலு கை. ஒவ்வொரு கைக்கும் பிளாஸ்டிக் உறை, வாங்கிய சோபாவுக்கு உறையைக் கழற்றாமலே வைத்திருக்கும் வீடுகளைப் போல. அது தானாக ஒன்றும் செய்யாது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் டாக்டரின் விரல் அசைவை வாங்கி, அதைச் சிறிதாக்கி, நடுக்கத்தை வடிகட்டி, இடுப்பெலும்புக்குள் நம் கை நுழையாத இடுக்கில் வேலை செய்யும். நான் வாயைப் பிளந்து பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டாக்டர்கள் அந்த இடுக்கில் தலையை விடாத குறையாக எட்டிப் பார்த்துக் கஷ்டப்படுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

பிறகு பேசியவர், சிலருக்குக் கதிர்வீச்சிலும் மருந்திலும் கட்டி கரைந்தே போகிறது, அவர்களுக்குக் கத்தியே வேண்டாம், கவனமாகக் கண்காணித்தால் போதும் என்றார். ஒரு காலத்தில் வயிற்றுப் பை என்பதே கதையாகிவிடும் என்றும் சொன்னார். நோயாளிகளுக்காகச் சந்தோஷப்பட்டேன். என் பேனாவுக்காகக் கொஞ்சம் துக்கப்பட்டேன்.

இரண்டாம் நாள் போட்டி. நாலாம் நாள் ரோபோ சிகிச்சை செய்துகொள்ளப்போகும் பெண்ணே வந்திருந்தார், சம்மதம் எல்லாம் கொடுத்துவிட்டு. பெயர் மாதேஸ்வரி, வயது நாற்பத்து நாலு, நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை. கதிர்வீச்சு முடிந்தும் அவருக்குக் கட்டி கரையவில்லை. அது ஆசனவாய்த் தசையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் நிரந்தரப் பைதான் வழி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'எஸ்டேட் தொழிலாளி' என்று இருந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டேன். எஸ்டேட் தொழிலாளியை எனக்குத் தெரியாதா? நானே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்தவள்.

ஒரு தடுப்புக்குப் பின்னால் அவரை உட்காரச் சொன்னேன், குனியச் சொன்னேன், படுக்கச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், இத வெச்சுக்கிட்டு மறுபடி பறிப்புக்குப் போவலாமுங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"வேலைக்குப் போற ஆளுக்குத்தானுங்க எஸ்டேட்டு லைன் ஊடு குடுப்பாங்க. ஊட்டுக்காரர் இல்லீங்க. நானும் பொண்ணுந்தான். டாக்டருங்ககிட்டக் கேட்டா, மொதல்ல ஒடம்பப் பாருங்கம்மாங்கறாங்க."

"தாராளமாப் போகலாம். நான் வட்டம் போட்ட எத்தனையோ பேர் எங்க ஊர்ல தேயிலைக் கொழுந்து எடுக்குறாங்க" என்றேன், பெரிய மனுஷி மாதிரி. தொப்புளுக்குக் கீழே இடது பக்கம், எல்லா விதிகளுக்கும் பொருந்துகிற இடத்தில் வட்டம் போட்டு, அதைத் துணியால் மூடினேன்.

கருவியின் பொறியாளர் நிவேதா வந்தார். முப்பது வயது இருக்கும். கருவியைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். படம் பிடித்தார். ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. துணியை எடுத்துப் பார்த்தால் என் வட்டத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் ஒரு நகக்கண் இடைவெளி. மண்டபத்தில் ஒரே கைதட்டல். எனக்கும் கருவிக்கும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார்கள். ஜெயிக்க வந்தவளுக்குச் சமன் என்பது தோல்விதான்; ஆனாலும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"சாயந்தரம் சும்மாதானுங்க இருப்பீங்க? எங்க ஊட்டுக்கு வாங்க" என்றார் மாதேஸ்வரி. மறுநாள் அவர் சேலத்தில் சேர வேண்டும். துணிமணி எடுக்க வீட்டுக்குப் போகிறார். நானும் அதே பஸ்ஸில் ஏறி நாகலூர் போனேன்.

எஸ்டேட்டில் பறிப்பு முடியும் நேரம். சரிவிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். நான் அவர்களுடைய முதுகைப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் கூடை முதுகில் தொங்கும், கயிறு தலையில் இருக்கும், வயிறு சும்மா இருக்கும். இங்கே கயிற்றை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம், வயிற்றுக்கு இடது ஓரமாக, சாக்குப் பை. அதில் சிவப்புச் சிவப்பாகக் காப்பிப் பழம். சரிவில் கால் வழுக்காமல் நிற்க வயிற்றையும் பையையும் செடியோடு அழுத்திக்கொண்டு பறிப்பார்களாம். மாதேஸ்வரி எனக்குக் காட்டுவதற்காகத் தன் பையை எடுத்துக் கட்டினார். முடிச்சு எங்கே விழுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. என் ஊதா வட்டத்தை அளவெடுத்துத்தான் அந்த முடிச்சைப் போட்டார்களோ என்று தோன்றியது.

அந்த இடத்தில் குடல் வெளியே இருந்து, அதன்மேல் கயிறு இறுகி, பழப் பை நாள் முழுக்க அழுத்தினால் ரத்தம் வரும், பை பிய்ந்து ஒழுகும். ஒரு வாரம் தாங்கமாட்டார். பறிப்பு போகும், வீடும் போகும். நான் ஒரு சாவகாசமான 'தாராளமா' சொல்லியிருக்கிறேன்.

"என்னுங்க சிஸ்டர், மொகமே மாறிப்போச்சு?"

"நான் தப்பான இடத்துல போட்டுட்டேன், மாதேஸ்வரி."

"மிசினும் அங்கதானுங்க சொல்லுச்சு?"

"அதுவும் தப்பு."

அவர் என்னையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களாக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவரோடு வேலை செய்யும் சரசு என்ற பெண் பையை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு ரொம்ப யோசிக்கவில்லை. "மஞ்சளப் பூசி உட்டு, ஒரு நட பறிச்சுட்டு வரச் சொல்லுங்க. கயிறு படற எடத்துல அழிஞ்சுபோவும். அழியாம நிக்கற எடத்துல போட்டுக்குங்க."

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மாதேஸ்வரியின் வயிறு முழுக்க மஞ்சளை அரைத்துப் பூசினோம். காய்ந்ததும் பையைக் கட்டிக்கொண்டு பின்பக்கச் சரிவில் அரை மணி நேரம் பறித்தார். முடிந்த மட்டும் மெதுவாகத்தான், உடம்பு இளைத்திருந்தது. ஆனால் விரல்கள் பழுத்ததை மட்டும் தொட்டுத் தொட்டுப் போன வேகத்தைப் பார்த்தால், ரோபோவின் நாலு கையையும் பக்கத்தில் நிறுத்தலாம் போலிருந்தது. திரும்பி வந்து சேலையை விலக்கினால், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை மஞ்சள் இல்லை. என் வட்டம் இருந்த இடத்தில் வட்டமும் இல்லை. இடது பக்கம் தொப்புளுக்கு மேலே, ஒரு உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் அப்படியே பளிச்சென்று இருந்தது.

படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தசை விறைத்தது, துளை அந்தத் தசை வழியாகத்தான் வர வேண்டும். மடிப்பு இல்லை. உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிகிற இடம். துடைத்துவிட்டு அங்கே புது வட்டம் போட்டேன். சரசு எட்டிப் பார்த்து, "இந்த மை நிக்குமுங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டர் இதைப் பார்த்துத்தான் செய்வார் என்று சொன்னேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியவில்லை.

ராகிக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன், வீடு முழுக்கச் சிரித்தது. பிறகு வெல்லம் போட்ட கடுங்காப்பி. இந்த மலையில் குடித்த முதல் நல்ல பானம் அதுதான். குடித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. சரசுவின் பையையும் அது நிறையப் பழத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு, காப்பி மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஏற்காடு வந்து சேர்ந்தேன். இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

மூன்றாம் நாள் காலையில் முதல் வேலையாக டாக்டர் இளங்கோவைப் பிடித்தேன். ரோபோவை இயக்கப்போகிறவர் அவர்தான். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார், பொறுமையாகவே மறுத்தார்.

"மேல கொண்டு போவணும்னா கொடல நொம்ப மேல வரைக்கும் விடுவிக்கணுங்க சிஸ்டர். ரோபோ கை நுழையற தொளையெல்லாம் மாறும். ஒரு மணி நேரம் கூடும். நேரலை வேற. நீங்களும் கருவியும் சொன்ன எடந்தானே அது? நேத்து எல்லாரும் கைதட்டினாங்களே?"

"ஆமா சார். தப்புக்குத்தான் கைதட்டினாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, இனி மேடைதான் என்று முடிவு பண்ணினேன். என் முறை வந்தபோது, மனித அனுபவத்தின் மேன்மை என்று நான் எழுதி வைத்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டு, நான் தேயிலையை மனதில் வைத்துக்கொண்டு காப்பிக்காரி வயிற்றில் வட்டம் போட்டுவிட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். காது சூடாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு கூட்டத்தின் முன் அப்படி நின்றதில்லை. பிறகு டாக்டர் இளங்கோவை மேடைக்குக் கூப்பிட்டேன்.

கூட்டத்தின் முன்னால் மறுக்க முடியாமல் வந்தார். தடுப்புக்குப் பின்னால் போய், கருவி சொன்ன இடத்தில் ஒரு மாதிரிப் பையை அவரே தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டார். நான் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, அந்தப் பைக்குள் நிவேதா மஞ்சள் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். சட்டைக்கு மேல் சரசுவின் பையைக் கட்டி, பழத்தைக் கொட்டி, மேடை ஓரத்தில் இருந்த குரோட்டன்ஸ் செடியைக் காட்டிப் பறிக்கச் சொன்னேன். ஒரு தடவை குனிந்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை குனிந்தார், வெற்றியோடு எங்களைப் பார்த்தார். மூன்றாவது தடவை செடிக்குள் கையை விட்டு எட்டியபோது அவருடைய வெளிர்நிற பேன்ட்டில் மஞ்சளாக ஓர் ஆறு இறங்கியது.

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் சிரிக்கவில்லை. காலோடு ஒட்டிய துணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேறு பேன்ட் மாற்றிக்கொண்டு வந்து, மாதிரிப் பையைத் தொப்புளுக்கு மேலே ஒட்டி, சாக்குப் பையை இன்னொரு தடவை கட்டிப் பார்த்தார். பத்துத் தடவை குனிந்தார். ஒன்றும் ஒழுகவில்லை.

"நாளைக்கு மத்தியானச் சாப்பாட்ட ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்குங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே மலை இறங்கினார்.

நாலாம் நாள் நேரலை. திரையில் மாதேஸ்வரியின் வயிறு மட்டும் தெரிந்தது. என் ஊதா வட்டத்தைக் காணோம். அந்த இடத்தில் தார் மாதிரி கறுப்பாக, தடிமனாக ஒரு வட்டம். அதன் பக்கத்தில் பெரிதாக 7.

மண்டபத்தில் முணுமுணுப்பு. பின்வரிசையில் ஒருவர், அது கட்டியின் நிலையா என்று கேட்டார். இன்னொருவர் ரோபோவின் கட்டளை எண் என்றார். "சிஸ்டர், இது உங்க ஏற்பாடுங்களா?" என்று சேலத்திலிருந்து டாக்டர் இளங்கோவின் குரல் வந்தது. நான் வெளியே ஓடிப்போய் சரசுவுக்குப் போன் போட்டேன்.

"சாக்குல எளுதற மைங்க. எஸ்டேட்டுக் கணக்கு எளுதற ரைட்டருகிட்ட வாங்கிப் போட்டமுங்க. மழைக்கே போவாது."

"அது சரி, ஏழு எதுக்கு?"

"பறிப்புல நாங்க ஏழாம் நம்பர் செட்டுங்க. குறி போட்டு நம்பர் போடாம உட்டா, யாரு சரக்குன்னு எப்புடிங்க தெரியும்? ஆஸ்பத்திரியில ஆள் மாறிப்போச்சுன்னா?"

இதை நான் ஒலிபெருக்கியில் சொன்னதும், சேலத்தில் மருந்தால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்த நர்சின் தோள் குலுங்கியது திரையில் தெரிந்தது. மை அசையவில்லை.

அடுத்த ஐந்து மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. நாலு கைகளும் அவசரமில்லாமல் வேலை செய்தன. கடைசியில் ரத்தக் குழாய் வழியாக ஒரு சாயத்தைச் செலுத்தி விளக்கை மாற்றினார்கள். ரத்தம் ஓடும் குடல் மட்டும் திரையில் பச்சையாக ஒளிர்ந்தது. உயரே இழுத்த குடல் நுனிக்கு ரத்தம் வருமா என்பதுதான் என் பயம். பச்சை மெல்ல மெல்ல ஏறி, நுனி வரைக்கும் வந்தது. நான் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே துளை போட்டார்கள்.

மாநாடு முடிந்தது. ஒரு நாள் மிச்சம் இருந்ததால் சேர்வராயன் கோயிலுக்குப் போனேன். குகைக் கோயில், குனிந்துதான் போக வேண்டும். முன்னால் குனிந்த ஒவ்வொருவருக்கும் வேட்டி எங்கே கட்டியிருக்கிறது, பெல்ட் எங்கே அழுத்துகிறது என்று பார்த்துக்கொண்டே போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் புறப்படும் நாள், வழியில் சேலத்து வார்டுக்குப் போனேன். மாதேஸ்வரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பை சுத்தமாக ஒட்டியிருந்தது, கீழே இடுப்பு சும்மா இருந்தது. நிவேதாவும் வந்திருந்தார். கருவியில் என்னென்ன கேள்வி சேர்க்க வேண்டும் என்று கேட்டார். நான் உற்சாகமாக அடுக்கினேன்: கயிறு கட்டுவாரா, பெல்ட் போடுவாரா, சுமை எந்தப் பக்கம், சரிவில் நிற்பாரா, குழந்தையை எந்த இடுப்பில் தூக்குவார். நிவேதாவின் விரலுக்கு ஓய்வில்லை.

"ஏனுங்க, அத்தன எதுக்குங்க?" என்றார் மாதேஸ்வரி. "ஒரே கேள்வி போதுமுங்க. நல்லானதும் என்ன வேலைக்குப் போவீங்கன்னு கேக்கச் சொல்லுங்க."

நிவேதா அதையும் எழுதிக்கொண்டார்.

"நெசமாத்தானுங்க சொல்றேன். இத்தன மாசமா எல்லாங் கேட்டாங்க. என்ன தின்னீங்க, எத்தன தடவ போனீங்க, ரத்தம் வருதா, சொந்தத்துல யாருக்காச்சும் இருந்துச்சான்னு. நல்லானதும் என்ன பண்ணுவீங்கன்னு ஒருத்தருங் கேக்கலீங்க. நானாக் கேட்டாலும் ஒடம்பப் பாருன்னு சொல்லிப்போட்டாங்க. யாராச்சுங் கேட்டிருந்தா, நான் பொளச்சுக்குவேன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குமுங்க."

நிவேதாவின் விரல் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் இதைக் கேட்காமல் பேனாவை மூடியிருக்கிறேன் என்று நினைத்தேன். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாதேஸ்வரி, நல்லானதும் என்ன வேலைக்குப் போவீங்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிவேதாவின் பக்கம் திரும்பி, எழுதிக்கொள்ளுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"பறிப்புக்குத்தானுங்க."